கேபிள் அறுந்தால் வண்டி என்ன செய்யும்? குழந்தைத் தள்ளுவண்டிக் கேபிள்களின் தேய்மானமும் பழுதும் குறித்த ஓர் ஆய்வு

குழந்தைத் தள்ளுவண்டியின் சக்கரம் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். இருக்கைத் துணி கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். கைப்பிடியிலிருந்து சட்டத்துக்குள் இறங்கும் மெல்லிய கேபிள் அப்படியல்ல. அது உள்ளுக்குள்ளேயே நைகிறது. பிரேக் பிடிக்காத நாளிலோ, பேருந்து வந்து நிற்கும்போது வண்டி மடங்க மறுக்கும் நிமிடத்திலோதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. சைக்கிள் கடையில் சில நிமிடங்களில் மாற்றித் தரக்கூடிய இந்தச் சிறு பாகத்துக்காகப் பெருந்தொகை கொடுத்து வாங்கிய வண்டியைத் தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நைந்த கேபிளின் மேல் டேப்பைச் சுற்றிவிட்டு அதிலேயே குழந்தையை உட்கார வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தவறு.

கேபிள் ஏன் நைகிறது, நைந்தால் எந்த இடத்தில் ஆபத்து, அதை வீட்டில் சரிசெய்யலாமா, உதிரிப் பாகம் தருவது யார் கடமை என்ற நான்கு கேள்விகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பழுதுபார்க்கலாமா கூடாதா என்பதற்கு எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. கேபிள் அறுந்தால் அந்த வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா என்பதை முதலில் கண்டறிய வேண்டும். மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்து பிறப்பவை.

கேபிள் வண்டிக்குள் வந்த வழி

குழந்தை வண்டியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1733இல் தொடங்குவார்கள். டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிப்பி வடிவ வண்டி ஒன்றைச் செய்து கொடுத்த ஆண்டு அது. அந்த வண்டியிலும், அதன் பின் இருநூறு ஆண்டுகள் வந்த கனத்த பிராம் வண்டிகளிலும் கைப்பிடிக் கேபிளுக்கு வேலை இருக்கவில்லை. அவை மடங்கவேண்டிய வண்டிகள் அல்ல.

கேபிள் வேறொரு பாதையில் வளர்ந்தது. 1896இல் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் பிரிட்டனில் ஒரு காப்புரிமை பெற்றார். வளையக்கூடிய ஓர் உறைக்குள் எஃகு ஒயரை ஓடவிட்டு, ஒரு முனையில் இழுத்தால் மறுமுனையில் வேலை நடக்கும்படி செய்யும் அமைப்பு அது. உலோகத் தண்டுகளும் மூட்டுகளும் இல்லாமல், எந்த மூலையிலும் வளைந்து திரும்பி விசையைக் கொண்டுபோக முடிந்தது. சைக்கிள் பிரேக்கும், மோட்டார் சைக்கிளின் கிளட்சும் ஆக்சிலரேட்டரும் இந்தப் பௌடன் கேபிளை எடுத்துக்கொண்டன. நம் ஊர் மெக்கானிக் கடைகளில் ஒயரை ‘இன்னர்’ என்றும் உறையை ‘அவுட்டர்’ என்றும் சொல்லி மாற்றித் தருவதும் இதைத்தான்.

இந்த இரண்டு வரலாறுகளும் சந்திக்கும் இடம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றிய ஓவன் மக்லாரன், ஓய்வு பெற்ற பின் 1965இல் குடைபோல மடங்கும் அலுமினிய வண்டியை வடிவமைத்தார். அதற்கு இரண்டு தனித்தனிக் கைப்பிடிகள். தாழைக் காலால் தட்டி மடக்கினால் போதும், கேபிள் தேவைப்படவில்லை. அமெரிக்காவின் யாகிமா நகரில் ஃபில் பெக்லர் என்ற பத்திரிகையாளர் 1984இல் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தி ஓட்டப்பயிற்சிக்கான வண்டியை உருவாக்கினார். ஓடும் வேகத்தில் தள்ளப்படும் வண்டியைச் சரிவில் மெதுவாக்க வேண்டும் என்ற தேவையும் அதோடு வந்தது. ஒரே கையால் மடக்கும் வசதியைப் பெற்றோர் விரும்பத் தொடங்கியதும், கைப்பிடியில் உள்ள ஒரு பொத்தான் இரண்டு அடி கீழே இருக்கும் தாழ்களை இழுக்க வேண்டியதாயிற்று. அந்த வேலைக்குக் கேபிளைவிட எளிய வழி கிடையாது.

எந்தக் கேபிள், என்ன வேலை

இன்றைய வண்டிகளில் கேபிள் பல வேலைகள் செய்கிறது. அவற்றைப் பிரித்தறியாமல் பழுதைப் பற்றிப் பேச முடியாது.

முதலாவது, மடக்கும் கேபிள். கைப்பிடியின் பொத்தானிலிருந்து சட்டத்தின் இடம் வலம் இரண்டு மூட்டுகளுக்கும் ஒவ்வொன்றாகச் செல்லும். இழுத்தால் தாழ் விடுபட்டு வண்டி மடங்கும். விட்டால் சுருள்வில் தாழை மீண்டும் உள்ளே தள்ளும்.

இரண்டாவது, பார்க்கிங் பிரேக் கேபிள். சில வண்டிகளில் இது கைப்பிடி நெம்புகோலிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும். வேறு சிலவற்றில் காலால் அழுத்தும் பெடல் ஒரு பக்கச் சக்கரத்தில் இருக்கும். அங்கிருந்து மறுபக்கச் சக்கரத்துக்கு அச்சு வழியாகக் கேபிள் போகும்.

மூன்றாவது, ஓட்டப்பயிற்சி வண்டிகளில் உள்ள ஹேண்ட் பிரேக் கேபிள். இது வேகத்தைக் குறைப்பதற்கானது. டிரம் அல்லது டிஸ்க் பிரேக்கை இழுக்கும்.

நான்காவது, முன்சக்கரம் திரும்பாமல் பூட்டும் கேபிள். எல்லா வண்டியிலும் இது இருப்பதில்லை.

ஏன் நைகிறது

சைக்கிள் வகை இன்னர் ஒயர் பார்க்க ஒற்றைக் கம்பிபோல் இருந்தாலும் பெரும்பாலும் 19 மெல்லிய எஃகு இழைகளை முறுக்கியது. நேராக இழுக்கும்போது அது அறுவது அரிது. பகைவன் வளைவுதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்து நிமிரும் எஃகில் நுண்விரிசல் தோன்றி, இழை இழையாக விட்டுப்போகிறது. வளைவு எவ்வளவு குறுகலோ அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும். தள்ளுவண்டியில் மிகக் குறுகலான வளைவு இரண்டு இடங்களில் இருக்கிறது: கைப்பிடிப் பொத்தானுக்குள் ஒயர் முனையிலுள்ள நிப்பிள் என்ற உலோகக் குமிழ் உட்காரும் இடம், சட்டம் மடங்கும் மூட்டு. நாளுக்கு இரண்டு முறை மடக்கினால் மூன்று ஆண்டில் ஏறத்தாழ 2,200 முறை அந்த மூட்டில் கேபிள் மடிந்து நிமிர்கிறது. உள்ளே அறுவதும் பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

அவுட்டரின் கதை வேறு. கைப்பிடிக்கு வெளியே தெரியும் இடத்தில் பை மாட்டுகிறோம், கார் டிக்கியில் திணிக்கிறோம், வெயிலில் நிறுத்துகிறோம். பிளாஸ்டிக் மேலுறை காய்ந்து வெடிக்கிறது. உள்ளே சுருளாகச் சுற்றிய எஃகு வெளியே தெரிகிறது. அந்த வெடிப்பு வழியே நீரும் தூசும் இறங்குகின்றன. டொரண்டோ போன்ற நகரங்களில் குளிர்காலப் பனியைக் கரைக்க நடைபாதையில் தூவும் உப்பு, சென்னைக் கடற்கரைக் காற்றைப் போலவே துருவை விரைவுபடுத்தும்.

துரு செய்யும் கெடுதியைக் கணக்கிட்டே காட்டலாம். வளைந்த உறைக்குள் ஓடும் ஒயரில் விசை எவ்வளவு வீணாகிறது என்பது, வளைவுகளின் மொத்தக் கோணத்தையும் உராய்வுக் கெழுவையும் பொறுத்து அடுக்குமுறையில் மாறும். மொத்தமாக 180 பாகை வளையும் கேபிளில் உராய்வுக் கெழு 0.1 என்றால், கையில் கொடுக்கும் 100 பங்கு இழுவையில் சுமார் 73 பங்கு மறுமுனைக்குப் போய்ச் சேரும். துருவேறி அந்தக் கெழு 0.3 ஆனால் 39 பங்குதான் சேரும். பொத்தான் கடினமாகிவிட்டது என்று பெற்றோர் உணர்வது இதைத்தான். அப்போது இன்னும் பலமாக அழுத்துகிறார்கள். ஏற்கெனவே நைந்த இழைகள் அந்தக் கூடுதல் இழுவையில் அறுகின்றன. பொத்தான் கடினமாவது, கேபிள் நமக்கு முன்கூட்டியே தரும் எச்சரிக்கை.

அறுந்தால் என்ன ஆகும்

விமான நிலையத்தில் பெட்டி தள்ளும் டிராலியின் கைப்பிடியை அழுத்தினால்தான் அது நகரும். கையை எடுத்தால் நின்றுவிடும். எதுவும் செய்யாத நிலையில் பாதுகாப்பான பக்கம் சாயும் அமைப்பு அது. தள்ளுவண்டிக் கேபிள்களையும் இந்த அளவுகோலால் அளக்க வேண்டும்.

மடக்கும் கேபிள் முற்றாக அறுந்தால் தாழ் பூட்டியபடியே இருக்கும். வண்டி மடங்காது, குழந்தைக்கு ஆபத்து இல்லை. ஆனால் அறாமல், துருவில் சிக்கிக்கொண்ட கேபிள் கொடியது. இழுத்தபின் அது முழுதாகத் திரும்பாது. தாழின் முனை பாதி மட்டுமே பொருந்தி நிற்கும். பார்வைக்கு வண்டி விரிந்திருக்கும். நடைமேடை விளிம்பில் ஒரு குலுக்கல் வந்தால் சட்டம் மடிந்துவிடக் கூடும். மடியும் சட்டம் சிறு விரலை என்ன செய்யும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 2009 நவம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் மக்லாரன் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அங்கே கேபிளில் குற்றமில்லை. வண்டியை விரிக்கும்போது கீலில் குழந்தைகளின் விரல்நுனி துண்டான 12 நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. அசையும் மூட்டின் பலம் எவ்வளவு என்பதை அந்த எண்ணிக்கை சொல்லும்.

பார்க்கிங் பிரேக் இரண்டு விதம். சுருள்வில் பூட்ட, கேபிள் விடுவிக்கும் அமைப்பில் கேபிள் அறுந்தால் சக்கரம் பூட்டியே நிற்கும். கேபிள் இழுத்துத்தான் பூட்ட வேண்டும் என்ற அமைப்பில், அறுந்தால் பிரேக்கே கிடையாது. இரு சக்கரங்களையும் இணைக்கும் கேபிள் போனால் ஒரு சக்கரம் நிற்கும், மற்றது உருளும். சரிவில் வண்டி சுழன்று திரும்பும். ஹேண்ட் பிரேக்கில் ஐயத்துக்கே இடமில்லை. அது இழுத்தால்தான் பிடிக்கும். அறுந்தால் ஓடும்.

எவ்வளவு வேகமாக ஓடும்? சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு வழக்கமாக அனுமதிக்கும் உச்ச அளவான 12க்கு 1 சரிவில், குழந்தையோடு 25 கிலோ எடையுள்ள வண்டியைக் கீழே இழுக்கும் விசை வெறும் 2 கிலோ எடைக்குச் சமம். கை பட்டிருந்தால் எளிதில் நிறுத்தலாம். கை விலகினால், உராய்வைக் கணக்கில் சேர்க்காதபோது, 10 மீட்டரில் அது மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். பதறி ஓடுகிற தாயாலும் அந்த வேகத்தைச் சட்டென்று எட்டிப் பிடிக்க முடியாது. மெல்பர்ன் நகரின் ஆஷ்பர்ட்டன் ரயில் நிலையத்தில் 2009 அக்டோபர் 15 அன்று, ஒரு கணம் கை விலகியதும் தள்ளுவண்டி நடைமேடையிலிருந்து உருண்டு, வந்துகொண்டிருந்த ரயிலுக்கு முன் விழுந்தது. குழந்தை சிறு காயத்தோடு பிழைத்தது. கண்காணிப்பு கேமராவில் பதிவான அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. பார்க்கிங் பிரேக்கும், வண்டியை மணிக்கட்டோடு இணைக்கும் கைப்பட்டையும் அலங்காரமல்ல என்பதற்கு வேறு பாடம் வேண்டாம்.

சரிசெய்யும் முறைகள்

முதல் வேலை, நைந்திருப்பது அவுட்டரா இன்னரா என்று பார்ப்பது. மேலுறை மட்டும் உரிந்து, எஃகுச் சுருள் நசுங்காமல் இருந்தால், சிலிக்கோன் டேப்பை இழுத்துச் சுற்றலாம். அது பசையில்லாமல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை கசிந்து பிரிந்துவிடும். குழந்தை அதை வாயில் வைத்துக்கொள்ளும். கேபிளைக் கழற்ற முடிந்தால் சூட்டில் சுருங்கும் குழாயை மாட்டுவது இன்னும் நல்லது.

இன்னரில் ஓர் இழை அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கேபிளின் காலம் முடிந்தது. ஒட்டுப் போடுவது, முடிச்சுப் போடுவது, அறுந்த இழையை வெட்டி மறைப்பது எதுவும் உதவாது. புதிது மாற்றுவதே வழி.

தயாரிப்பாளரிடம் அந்த மாடலுக்கான கேபிள் கிடைத்தால் அதையே வாங்க வேண்டும். கிடைக்காதபோது சைக்கிள் உதிரிப் பாகம் பல வண்டிகளுக்குப் பொருந்தும். ஆனால் வகை மாறக் கூடாது. சைக்கிளில் பிரேக் இன்னர் ஏறத்தாழ 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர் தடிமன், கியர் இன்னர் 1.1 அல்லது 1.2 மில்லிமீட்டர். தடிமனைவிட முக்கியம் அவுட்டர். பிரேக் அவுட்டரில் எஃகு சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிரேக்கின் பலத்த இழுவையில் கியர் அவுட்டர் வெடித்துப் பிளந்துவிடக் கூடும். எனவே பிரேக் வேலைக்குக் கியர் அவுட்டரை ஒருபோதும் போடக் கூடாது.

கழற்றும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. குழாய்க்குள் ஓடும் கேபிளானால், பழைய ஒயரின் முனையில் உறுதியான நூலைக் கட்டி, அதோடு சேர்த்து ஒயரை வெளியே இழுக்க வேண்டும். நூல் உள்ளே தங்கும். புதிய ஒயரை அந்த நூலே திரும்ப அழைத்து வரும். புதிய அவுட்டரைப் பழையதன் அதே நீளத்துக்கு வெட்ட வேண்டும். குட்டையானால் மடக்கும்போது இழுபடும், நெட்டையானால் தொங்கிச் சிக்கும்.

பொருத்துவதில் இரண்டு விதிகளை மறக்கக் கூடாது. மடக்கும் கேபிளில் சில மில்லிமீட்டர் தளர்வு இருந்தே ஆக வேண்டும். ‘டைட்’டாக வைத்தால் தாழ் முழுதாக உள்ளே போகாது, முன்பு சொன்ன பாதிப் பூட்டு ஆபத்தை நாமே உண்டாக்கியவர்களாவோம். இழுத்துப் பிடிக்கும் பிரேக்கில் நிலை தலைகீழ்: அதிகத் தளர்வு இருந்தால் நெம்புகோல் கைப்பிடியைத் தொட்டும் பிரேக் பிடிக்காது. இரண்டாவது விதி, மடக்கும் கேபிளில் ஒரு பக்கம் போனாலும் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவது. புதியதும் பழையதும் வேறு வேறு அளவில் இழுத்தால் ஒரு தாழ் திறக்க மற்றது திறக்காது, சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

முடித்தபின் குழந்தையை ஏற்றிச் சோதிக்கக் கூடாது. குழந்தையின் எடைக்குச் சற்றுக் கூடுதலான அரிசிப் பையை இருக்கையில் கட்டி, வண்டியைப் பலமுறை மடக்கி விரித்து, தாழ் இரு பக்கமும் முழுதாக விழுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பின் சரிவில் பிரேக் போட்டு, முன்பக்கமும் பின்பக்கமும் தள்ளிப் பார்க்க வேண்டும். அதன் பிறகே குழந்தை.

கடையில் தெரியாத மூன்று ஆபத்துகள்

நம் ஊர் மெக்கானிக்கின் கை நேர்த்தியை மதிக்கிறேன். இருசக்கர வண்டிக்கு நன்றாக வேலை செய்யும் ஒரு வழி, குழந்தை வண்டிக்கு ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நிப்பிள் கழன்ற ஒயருக்கு ஈயப் பற்று வைத்துப் புது நிப்பிள் உருவாக்குவது பழைய வழக்கம். வழக்கமான சால்டரில் ஈயம் உண்டு. கைப்பிடியை எட்டிப் பிடித்துக் கடிக்கும் வயதுக் குழந்தைக்கு அது நஞ்சு. அமெரிக்கச் சட்டம் குழந்தைப் பொருள்களின் கைபடும் பாகங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. வார்ப்பு நிப்பிளோடு வரும் புதிய ஒயரே சரி.

சைக்கிள் அவுட்டரின் பிளாஸ்டிக் குழந்தையின் வாயை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. குழந்தைப் பராமரிப்புப் பொருள்களில் சில தாலேட் நெகிழிகளுக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் 0.1 சதவீத வரம்பு வைத்திருக்கின்றன. சைக்கிள் கேபிள் அந்தக் கணக்கில் சேராது. எனவே குழந்தைக்கு எட்டும் இடத்தில் அதன் மேல் துணி உறையோ சிலிக்கோன் உறையோ இருக்க வேண்டும்.

ஒயர் முனை பிரியாமல் மாட்டும் சிறு உலோகத் தொப்பி, கழன்றால் தொண்டையில் சிக்கும் அளவுடையது. சுமார் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் பாகம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்து என்பது அமெரிக்க விதி. தொப்பி அதில் எளிதாக அடங்கும். அதை நன்றாக நசுக்கி இறுக்கி, உறைக்குள் மறைக்க வேண்டும்.

விதிகளும் உரிமையும்

தள்ளுவண்டிக்கு விதிகள் உண்டு. ஐரோப்பாவில் இஎன் 1888, அமெரிக்காவில் 2015 முதல் கட்டாயமாகியுள்ள ஏஎஸ்டிஎம் எஃப்833 ஆகியவை பிரேக்கையும் மடக்குத் தாழையும் சோதிக்கச் சொல்கின்றன. ஆஸ்திரேலியா 2008 முதல் கைப்பட்டையையும், சிவப்பு நிறப் பிரேக் நெம்புகோலையும் கட்டாயமாக்கியிருக்கிறது. பிரேக் கண்ணில் பட வேண்டும் என்ற இந்த எளிய யோசனை எல்லா நாடுகளுக்கும் தகும்.

இவை அனைத்தும் புதிய வண்டியைச் சோதிப்பவை. அக்காவின் பிள்ளைக்கு வாங்கி, தம்பியின் பிள்ளைக்கு வந்து சேரும் ஐந்தாம் ஆண்டு வண்டியை யாரும் சோதிப்பதில்லை. அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை தள்ளுவண்டி, குழந்தை தாங்கி ஆகியவற்றால் காயமடைந்து அவசரப் பிரிவுக்கு வந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 3,61,000 பேர் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் கேபிளுக்கு உரிய பங்கு சிறியதாகவே இருக்கலாம். ஆனால் தடுக்கக்கூடிய பங்கு அது.

குறை தெரிந்தபின் தயாரிப்பாளர் பாகத்தை மாற்றித் தர முடியும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2022இல் அமெரிக்காவில் அப்பாபேபி நிறுவனத்தின் ரிட்ஜ் என்ற ஓட்டப்பயிற்சி வண்டிகள் சுமார் 14,400 திரும்ப அழைக்கப்பட்டன. பின்சக்கர டிஸ்க் பிரேக்கின் துளையில் விரல் சிக்கக்கூடும் என்பது காரணம். வாங்கியவர்களுக்கு மாற்றுச் சக்கரங்கள் அனுப்பப்பட்டன. வண்டி முழுதும் குப்பைக்குப் போகவில்லை. ஆபத்து வெளிப்பட்டபின் செய்ய முடிந்ததை, தேய்மானம் வெளிப்படும்போதும் செய்ய முடியும்.

தடையாக நிற்பது வடிவமைப்பு. ரிவெட் அடித்து மூடிய மூட்டுக்குள் கேபிளை வைத்துவிட்டால், ஒயர் மாற்றக் கைப்பிடியையே மாற்ற வேண்டும். சில சமயம் சட்டத்தையே. குழந்தையின் பாதுகாப்பை வீட்டுப் பழுதுபார்ப்புக்கு விட முடியாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் உதிரிக் கேபிளையும் தெளிவான செயல்முறையையும் தருவதற்கான காரணமே தவிர, மறுப்பதற்கானதல்ல. உதிரி கிடைக்காத இடத்தில்தான் டேப்பும் முடிச்சும் ஈயப் பற்றும் நுழைகின்றன.

மார்டீன் போஸ்ட்மா 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே இயக்கம், பழுதுபார்ப்பை ஊர்கூடிச் செய்யும் காரியமாக மாற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்ப்பு உரிமைக்கான ஆணையை நிறைவேற்றியது. சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைபேசி போன்றவை அதன் பட்டியலில் உள்ளன, தள்ளுவண்டி இல்லை. இந்திய அரசு 2022இல் தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைத் தளம் விவசாயக் கருவி, கைபேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள், வீட்டு உபயோகச் சாதனம், வாகனம் ஆகிய நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. குழந்தை ஏறும் வண்டி இரண்டு பட்டியலிலும் விடுபட்டிருப்பது சரியல்ல.

முடிவு

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் சில முடிவுகள் தெளிவாகின்றன. அவுட்டரின் மேலுறை மட்டும் நைந்திருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். முற்றாக அறுந்த மடக்கும் கேபிளையும் கவனமுள்ள ஒருவர் மாற்றலாம். ஆனால் பாதிப் பூட்டு நிலையில் சிக்கும் வண்டியில், சரியாகும்வரை குழந்தையை ஏற்றக் கூடாது. இழுத்துப் பிடிக்கும் பிரேக்கின் கேபிளை உரிய உதிரியும் தேர்ந்த கையும் இல்லாமல் தொடக் கூடாது. பழைய வண்டி கை மாறும்போது, துணியைத் துவைப்பதற்கு முன் கேபிளைப் பார்க்க வேண்டும்.

தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டியதும் பெரிதல்ல. கேபிள் தேயும் பாகம் என்று கையேட்டில் வெளிப்படையாக எழுதட்டும். ரிவெட் இருக்கும் இடத்தில் திருகாணி வரட்டும். மாடல் நின்றபின்னும் சில ஆண்டுகளுக்குக் கேபிளைத் தனியாக விற்கட்டும். கேபிள் அறுந்தால் பூட்டிக்கொள்ளும் பிரேக் அமைப்பை எல்லா வண்டியிலும் விதி கட்டாயமாக்கட்டும். சைக்கிளுக்கு நூறாண்டுக்கு மேலாகக் கிடைத்துவரும் மாற்றுக் கேபிளை, குழந்தை உட்காரும் வண்டிக்கும் கேட்டு வாங்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது.